விஷாகா தமிழ் பேசினாள்

"சீக்கிரம் வாம்மா, எனக்குக் கால் வலிக்குது" என்றாள் விஷாகா. கூலரைத் தூக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்த ஸ்வர்ணாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பதினாறு வயதில் பெண் அவளிடம் தமிழில் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

சான் ஹோசேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, கெஞ்சல், கொஞ்சல், மிரட்டல் என்று ஸ்வர்ணா எல்லாம் பண்ணிப் பார்த்தாயிற்று. தானும் இறங்கி வந்தால் இவள் மொத்தமாக மறந்துவிடுவாள் என்ற பிடிவாதத்தில், பெண்ணிடம் ஒரு நாளும் ஒரு வரிகூட இங்கிலீஷில் பேசியதில்லை. இப்போது யூட்டா பாலைவனத்தின் நடுவில், பள்ளிக்கூடத்து ஜியாலஜி டூர் வந்த இடத்தில், கேட்டுக் கேட்டுக் கைவிட்ட வரம் தானாக வந்து கதவைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் முழுக்க ஆசிரியர் ஹால்டன் பிள்ளைகளை அந்தச் செம்பாறைப் பிளவுக்குள் ஆளுக்கொரு வளைவில் உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பாறை அடுக்குகளை வரையச் சொல்லியிருந்தார். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. துணைக்கு வந்த அம்மாதான் வாசலில் நின்றுகொண்டு, தண்ணி குடிச்சியா, தொப்பி போட்டுக்கோ, சீக்கிரம் வாம்மா, எனக்குக் கால் வலிக்குது என்று உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். ஹால்டன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஸ்வர்ணாவா கேட்பாள்? சாயங்காலம் விஷாகா வேன் பக்கம் நடந்துபோவதைப் பார்த்துவிட்டு அவர் மற்றப் பிள்ளைகளோடு பஸ்ஸில் கிளம்பிப் போனார். டெண்ட்டுகளையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு ஸ்வர்ணா பின்னால் போக வேண்டும்.

மண் ரோட்டில் வேன் குலுங்கிக்கொண்டு போனது. சிக்னல் இல்லை, முன்னால் போன பஸ் கிளப்பிய புழுதிகூட அடங்கிவிட்டது, இரண்டு பக்கமும் காய்ந்த புதர்களின் நிழல்கள் மட்டும் நீண்டுகொண்டே வந்தன. ஏசியில் ஏதோ வாசனை. பெண் காலையில் அப்பிக்கொண்ட சன்ஸ்க்ரீன் வாசனை இல்லை, மழையில் நனைந்த கல்லின் வாசனை. மழை பெய்து எத்தனை மாதம் ஆயிற்றோ அந்த ஊரில்.

"என்னடி திடீர்னு தமிழ்? ஹால்டன் சார் ஹோம்வொர்க் குடுத்தாரா?"

விஷாகா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "தண்ணி குடிச்சியா?"

"பாருடா, எனக்கே திருப்பியா!" ஸ்வர்ணா ரசித்துச் சிரித்தாள். "சரி, ஃபோன் எங்கே? கையில அது இல்லாம உன்னைப் பார்த்ததே இல்லையே."

"தொப்பி போட்டுக்கோ."

"வேனுக்குள்ள எதுக்குடி தொப்பி?"

"தொப்பி போட்டுக்கோ" என்று மறுபடி சொன்னாள் விஷாகா. சொல்லிவிட்டு இருமினாள். தொண்டையில் புழுதி அடைத்த, வறட்டு இருமல்.

அந்த இருமலை ஸ்வர்ணா அறிவாள். மதியம் பிளவின் வாசலில் நின்று தொப்பி போட்டுக்கோ என்று கத்தியபோது வந்த இருமல். அது அவளுடைய இருமல்.

சீ, களைப்பு, வெயில் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பெற்ற பெண்ணைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா? ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"விஷா, உன் நாய்க்குட்டி பேர் என்னம்மா?"

எஞ்சின் சத்தம். சீட்டிலிருந்து பொலபொலவென்று எதுவோ உதிரும் சத்தம். ஓரக்கண்ணால் பார்த்தாள். செம்மண். பெண்ணின் சட்டைக் கையிலிருந்து நிற்காமல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"சீக்கிரம் வாம்மா" என்றது பக்கத்து சீட்.

மதியம் அந்தப் பிளவுக்குள் யாருமே பேசவில்லை. அவள் ஒருத்திதான் பேசினாள். அவள் பேசியது மட்டும்தான் இதற்குத் தெரியும். அப்படியென்றால் விஷாகா?

"கேமராவை அங்கேயே விட்டுட்டேன்" என்று சொல்லி வேனைத் திருப்பினாள். பக்கத்து சீட்டில் சிரித்த முகம் சிரித்தபடியே இருந்தது.

பிளவின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் வடிந்திருந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி, வேனைப் பூட்டிவிட்டு ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தவள் நிறுத்தினாள். தமிழில் கத்தினால் அதுவும் கேட்கும். அதுவும் கற்றுக்கொள்ளும். தன் பெண்ணுக்கு மட்டும் புரிகிற மாதிரி, அதற்கு வராத பேச்சில் கூப்பிட வேண்டும்.

"விஷாகா! இட்ஸ் மாம்! கம் அவுட், ஸ்வீட்டி!"

உள்ளே வெகு தூரத்தில் ஒரு விசும்பல். உயிர் இருக்கிறது. அப்பா, உயிர் இருக்கிறது.

"ஹூ இஸ் தட்? இட் டுக் மை ஃபேஸ்!" பெண்ணின் குரல், அழுது கிழிந்துபோன குரல்.

"இட்ஸ் மீ! யுவர் மாம்!"

பிறகு, பயந்து, மெதுவாக: "நோ. மை மாம் டஸன்ட் டாக் லைக் தட்."

பின்னால் வேன் கதவு திறந்தது.

"விஷா! சீக்கிரம் வாம்மா! எனக்குக் கால் வலிக்குது!" வேனிலிருந்து வந்தது ஸ்வர்ணாவின் குரல். கும்பகோணத்து இழுவை. நடுவில் இருமல்.

"அம்மா!"

உள்ளே காலடி. ஓட்டம். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் பெண் வீலென்று அலறி, பாறையோடு ஒட்டி நழுவி, நீட்டிய கையைத் தட்டிவிட்டு வேனை நோக்கி ஓடினாள்.

"போகாதடி! விஷா, நான்தான்டி அம்மா!"

"நான்தான்டி அம்மா" என்றது வேன் பக்கத்துக் குரல், இன்னும் கனிவாக.

ஸ்வர்ணா ஓடினாள். மண்ணில் விழுந்தாள். எழுந்து ஓடினாள். வேனருகே நின்ற உருவம் இப்போது அவள் உயரம் இருந்தது, அவள் போலவே பின்னல் போட்டிருந்தது. விஷாகா அதன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். அது அவள் தலையைத் தடவிக்கொடுத்தது. தடவத் தடவ அவள் கூந்தல் முழுக்கச் செம்மண் படிந்தது.

கிட்டே வந்துகொண்டிருந்த ஸ்வர்ணாவைப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, முகத்தை அதன் தோளில் புதைத்துக்கொண்டு, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அது வருது."