நாற்பதாவது தாடை

"ஐயோ... பல்லைக் காட்டுது!"

நகராட்சிக்காக அந்தப் பழைய படகுக் கொட்டகையை இடித்தவன், கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடியே போனான்.

கான்கிரீட்டுக்கு அடியில்... எலும்புக்கூடு!

மறுநாள் காலை. டென்மார்க்கின் ஆல்போர் நகரப் போலீஸ் நிலையம்.

இன்ஸ்பெக்டர் குட்ருன் மண்டையோட்டைச் சந்தைப் பூசணிக்காய் மாதிரி மேஜையில் வைத்தாள். எதிரே தாடை அறுவை நிபுணர், புரொபசர் அஸ்கர். பக்கத்தில் கொட்டகைக்காரி விபெக்கா. கணவன் ட்ரூல்ஸ் ஓடிப்போனான் என்று ஊரெல்லாம் அழுதவள். பதினான்கு வருடமாக குட்ருன் நம்பாத அழுகை!

அஸ்கரின் முகம் மலர்ந்தது.

"அடடா, என் கைவேலை! ட்ரூல்ஸ்! 2003-ல கீழ்த்தாடையை ஒன்பது மில்லிமீட்டர் முன்னால இழுத்து ஸ்க்ரூ போட்டேன். இன்னைக்கும் இம்மி நகரல, பாருங்க!"

"ஆள் செத்துட்டாரு, புரொபசர்."

"அது வேற டிபார்ட்மென்ட்!"

"எப்ப வரைக்கும் உயிரோட இருந்தார்?"

"2013 வரைக்கும் கியாரண்டி! பத்து வருஷப் பரிசோதனைக்கு வந்தாரே. எக்ஸ்ரே இருக்கு. என் ஆராய்ச்சியில நாற்பது பேர், நாற்பது தாடையும் அசையல. அதுக்குத்தான் நாளைக்கு எனக்குப் பரிசு!"

விபெக்கா கைப்பையை எடுத்தாள்.

"நான் 2010-லயே ஸ்பெயினுக்குப் போனவ. போன மாசம்தான் திரும்பினேன். கிளம்பட்டுமா, இன்ஸ்பெக்டரம்மா?"

கொலைகாரி கண்ணெதிரே கதவை நோக்கி நடந்தாள்!

குட்ருன் இரண்டு எக்ஸ்ரேக்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 2004... 2013... பிறகு மண்டையோட்டின் வாய்க்குள் விரலை விட்டாள்.

"கடைவாய்ப் பல்லு ஒண்ணு காணோமே?"

"எப்பவோ பிடுங்கினது. குழியே மூடிடுச்சு."

"எப்பவோ இல்ல. 2006. பல் டாக்டரோட குறிப்பு, இவர் காணாமப் போன கேஸ் ஃபைல்ல இருக்கு. ஆனா உங்க 2013 எக்ஸ்ரேல அதே பல்லு ஜம்முனு உட்கார்ந்திருக்கு... திரும்ப முளைச்சுதா?"

அஸ்கர் எக்ஸ்ரேயைப் பிடுங்கிப் பார்த்தார்.

"நா... நான் பல்லைப் பார்க்கவே இல்ல! தாடையைத்தானே அளப்பேன்! முப்பத்தொன்பது பேர் ஒழுங்கா வந்தாங்க. இவன் மட்டும் வரல. நாலு கடிதம் போட்டும் பதிலில்ல! அதான் 2004 எக்ஸ்ரேயையே காப்பி எடுத்து, தேதியை மாத்தி..."

விபெக்கா அவசரமாகக் கதவுப் பிடியைத் திருகினாள்.

"உட்காருங்க விபெக்கா. அவர் 2013-ல உயிரோட இருந்தாருங்கற கதை போச்சு. இப்ப 2010-க்கு முன்னாடி நடந்ததைப் பேசுவோம்."

அவள் வெடித்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி வாயே திறக்காத மனுஷன்! அப்புறம் ராவும் பகலும் ஓயாத பேச்சு! எத்தனை வருஷம்தான் கேட்கிறது?"

அஸ்கர் விசும்பினார்.

"என் பரிசு...!"

"அழாதீங்க, புரொபசர்," என்றாள் குட்ருன், விலங்கை எடுத்தபடி. "மத்த முப்பத்தொன்பது பேரை மறுபடி அளந்துதான் பார்க்கணும். இவர் தாடை இனி அசையாதுங்கற உங்க கியாரண்டியை மட்டும் நான் நம்பறேன்!"