எழுந்து போகாத மேசைகள்

உப்புத்துறைக்குப் பதினொன்று கிடைத்தது. நூற்றுக்கு.

பிலோமி தாளை இரண்டு முறை படித்தாள். மடித்து பிளாஸ்டர் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மேல்வரிசைப் பல்செட் ஒன்று சாயங்காலத்துக்குள் தயாராக வேண்டும்.

பாவையரங்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பாவைகளுக்குக் காட்டாமல் இப்போது எதுவும் மனிதர்களிடம் வருவதில்லை. ஒரு மனிதர் எதற்குச் சிரித்தார், எங்கே கொட்டாவி விட்டார், எப்போது எழுந்து போனார் என்ற பழக்கங்களை எல்லாம் சேர்த்து இயந்திரத்துக்குள் வார்த்த ஆள்தான் பாவை. அரங்குக்குப் பத்தாயிரம் பாவைகள். ஓட்டலில் புதுக் குருமா போடும் முன் பாவைகள் சாப்பிட்டுப் பார்த்தன. பேருந்துத் தடம் மாறினால் பாவைகள் ஏறி இறங்கின. பெண் பார்க்கப் போகும் முன் மாப்பிள்ளையின் பாவையும் பெண்ணின் பாவையும் ஒரு வருடம் குடித்தனம் நடத்திப் பார்த்தன. பிலோமியின் தங்கை மகளுக்கு இரண்டு வரன்கள் அப்படித் தட்டிப்போயின.

மேசையாட்டத்துக்கும் இதே விதிதான். ‘ஏழ்தீவு’ என்பது ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பகடை உருட்டி, வாயாலேயே கடல் கடக்கும் ஆட்டம். தீவுகளும் கப்பல்களும் விதிகளும் நிறுவனத்தின் புத்தகத்தில் இருக்கும். இல்லாததை ரசிகர்கள் எழுதுவார்கள். அதற்குத் துணையேடு என்று பெயர். யாரும் எழுதலாம். ஆனால் அரங்கில் நாற்பது வாங்காத ஏட்டை ஏழ்தீவின் பெயரால் விற்கக் கூடாது, இலவசமாகக் கொடுக்கக் கூடாது, விளையாடக் கூடாது. மீறினால், மேசையில் உட்கார நிறுவனம் கொடுத்திருக்கும் ஆட்டச் சீட்டு பறிபோகும்.

மாலையில் வேம்புராஜ் வந்தான். ஐஸ் கம்பெனியில் இயந்திரம் பார்ப்பவன். பிலோமியின் மேசையில் பதினாறு வருடமாக மாலுமி வேடம் போடுகிறவன்.

"எவ்வளவுக்கா?"

"பதினொன்னு."

"அய்யய்யோ. போன மாசம் ஒருத்தன் பல்லி வளக்குறதப் பத்தி ஏடு எழுதுனான். அதுக்கே முப்பத்தாறு."

"சிரி."

"சிரிக்கலக்கா. பல்லி ஏடு நல்லாத்தான் இருந்துச்சு."

ஏழாம் தீவின் மேற்குக் கரையில் நிறுவனத்தின் வரைபடம் ஒரு புள்ளி வைத்திருந்தது. பக்கத்தில் உப்புத்துறை என்று ஒரு பெயர். இருபது வருடமாக அந்தப் புள்ளியைப் பற்றி நிறுவனம் ஒரு வரிகூட எழுதவில்லை. பிலோமி அறுபத்து நான்கு பக்கம் எழுதினாள். அந்த ஊரில் அரசன் கிடையாது. உப்பு வாரும் பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஊரை நடத்துவார்கள். கூட்டத்தில் ஒரே ஒருத்தி மாட்டேன் என்றாலும் அந்தக் காரியம் நடக்காது. அவள் சம்மதிக்கும்வரை பேச வேண்டும், அல்லது காரியத்தை விட வேண்டும். மற்றவர்கள் கடைசிப் பக்கத்தில் புதையல் வைப்பார்கள், பாவைகளுக்குப் புதையல் பிடிக்கும் என்பதால். பிலோமியின் ஏட்டில் கடைசிப் பக்கம் என்று ஒன்றும் இல்லை. அறுபத்து நான்கோடு தாள் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"முடிவுன்னு ஏதாச்சும் வச்சிருக்கலாம்லா. ஒரு ராட்சசன். கொன்னோம், எடுத்தோம், எந்திரிச்சோம்னு."

"மாட்டேன்."

"பாரு, நீயே அந்த ஊர்க்காரி மாதிரிதான் பேசுத."

"எல வேம்பு, உங்க கம்பெனிக்கு எதிர்த்தாப்புல இருக்கானே பிரஸ்காரன், இருநூறு காப்பி அடிப்பானா?"

வேம்பு அவளைப் பார்த்தான். "தெரிஞ்சா ஆட்டச் சீட்டப் புடுங்கிருவானுவ."

"அடிப்பானா மாட்டானா?"

அடித்தான். ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பகடை வைத்தாள் பிலோமி. பல்செட்டின் ஈறுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கில் அவளே வார்த்து, தேய்த்து, மெருகேற்றியது. விளம்பரத்தை வேம்பு பார்த்துக்கொண்டான். ‘பதினொன்று வாங்கிய ஏடு. ஏன் என்று விளையாடிப் பாருங்கள்’ என்று சுவரொட்டி. ஐஸ் கம்பெனிச் சுவரில், ஆட்டோக்களின் முதுகில், பேருந்து நிலையத்துக் கழிப்பறைக் கதவில். மதிப்பெண்ணை மறைக்காமல் பெரிய எழுத்தில் போட்டதில்தான் கூட்டம் வந்தது. அவ்வளவு கேவலமான ஏட்டை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

வலை பின்னும் கொட்டகையில் ஒரு மேசை ஓடியது. கல்லூரி கேன்டீனில் மூன்று. பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் ஒன்று. பங்குச்சாமியார் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தார், மூன்றாம் வாரம் உப்பு வாருகிறவளாக உட்கார்ந்தார். தாகத்தோடு வந்த எதிரிக் கப்பலுக்குத் தண்ணீர் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு மேசையில் ஐந்து ஞாயிறு பேசினார்கள். மாட்டேன் என்றவர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. கடைசியில் கப்பல்காரர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுங்க அதிகாரி அழுதார்.

இரண்டு மாதத்தில் நூற்றெழுபது பிரதி போனது. மூன்றாவது மாதம் நிறுவனத்தின் கடிதம் வந்தது.

‘எங்கள் தீவில் யாருடைய அனுமதியோடு ஊர் கட்டினீர்கள்?’ என்று தொடங்கியது அது. பத்து நாளுக்குள் மதுரை அரங்குக்கு நேரில் வர வேண்டும். வராவிட்டால் ஆட்டச் சீட்டு ரத்து.

சீட்டு போனால் உலகத்தில் எந்த ஏழ்தீவு மேசையிலும் அவளுக்கு இடம் கிடையாது. இடம் கொடுத்த மேசையையும் மூடிவிடுவார்கள். பிலோமி பத்தொன்பது வயதில் விளையாட உட்கார்ந்தவள். இப்போது நாற்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை மேசையை விட்டால் அவளுக்கு உறவென்று சொல்ல நாலு பேர் தேறமாட்டார்கள்.

"போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருவோமா?" என்றான் வேம்பு.

"புள்ளிய வச்சிட்டு அம்போன்னு போனது அவனுவ. நான் என்னத்துக்குக் கேக்கணும்?"

ஆனாலும் போனார்கள்.

அரங்கு என்றால் ஏதோ பெரிதாக இருக்கும் என்று வேம்பு நினைத்திருந்தான். குளிரூட்டிய கிடங்கு ஒன்று. வாசலில் ஓர் அறை. அதில் அரங்கக் காப்பாளர் அப்சல். முப்பது வயதிருக்கும். நாற்காலிகளைத் தானே துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். சண்டைக்குக் கூப்பிடலை. ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்."

"என்ன கையெழுத்து?"

"சோதனையை நிறுத்திக்கிறேன்னு."

"அதான் பதினொன்னுன்னு முடிஞ்சு போச்சே."

அப்சல் கழுத்தைத் தடவிக்கொண்டார். "மார்க் எப்படிப் போடுறோம்னு சொல்லிர்றேன். பத்தாயிரம் பாவை, ரெண்டாயிரம் மேசை. விளையாடி முடிச்சுத் திருப்தியா எந்திரிச்ச மேசை நூத்துக்கு எத்தனையோ, அதான் மார்க். உங்க ஏட்டுக்கு இருநூத்தி இருபது மேசை எந்திரிச்சாங்க."

"மத்தவனுவ பிடிக்காம எந்திரிச்சிட்டானுவ. அதான?"

"இல்ல மேடம். எந்திரிக்கலை."

"எப்பதான் எந்திரிச்சானுவ?"

"இன்னும் எந்திரிக்கலை."

வேம்பு நாற்காலியில் நிமிர்ந்தான். "மூணு மாசமாவா?"

"நமக்கு மூணு மாசம். இங்க ஒரு மணி நேரம்னா உள்ள இருபத்தினாலு நாள். அவங்களுக்கு நூத்தி நாப்பத்திரெண்டு வருசம் ஆச்சு."

"ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்கலியா?"

"பாவைக்கு அதெல்லாம் கிடையாது அண்ணே. சாவும் கிடையாது. சலிப்பு மட்டும் உண்டு. சலிச்சா எந்திரிச்சிரும். அதைப் பார்க்கத்தான் அரங்கே." அப்சல் குரலைத் தாழ்த்தினார். "ஆயிரத்தி எழுநூத்தி எண்பது மேசையை இந்தப் பாவைங்க பிடிச்சு வச்சிருக்காங்க. மூணு மாசமா புது வேலை ஒண்ணும் எடுக்க முடியலை. ஏடு குடுத்தவங்க கையெழுத்து இல்லாம சோதனையை நிறுத்தக் கூடாதுன்னு நிறுவனமே போட்ட விதி. போட்டுட்டீங்கன்னா உப்புத்துறைக்கு நாற்பது குடுத்துருவாங்க. முறைப்படி வெளியிடலாம். சீட்டும் பத்திரம்."

"போடாட்டி?"

"சீட்டு போயிரும்."

வேம்பு அவள் பக்கம் சாய்ந்தான். "யக்கா. நாப்பது."

"என்ன விளையாடுதாவன்னு பாக்கணும்" என்றாள் பிலோமி.

அப்சல் திரையைத் திருப்பி வைத்தார். பாவைகள் விளையாடியதோடு நிற்கவில்லை. எழுதியும் இருந்தன. உப்புத்துறைக்கு நான்காயிரத்துச் சொச்சம் துணையேடுகள். ஒரு மேசை எழுதி இன்னொரு மேசைக்கு அனுப்பியது. அது பிடிக்காமல் மூன்றாவது மேசை மறுத்து எழுதியது.

பிலோமி படிக்கத் தொடங்கினாள். அவள் யோசிக்காத கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது; அதில் விளக்கை ஏற்றுவதா என்ற வாக்குவாதம் பதினேழு வருடம் நடந்திருந்தது. கடல் உள்வாங்கிய ஆண்டு ஒன்று. கூடைகளுக்குப் பெயர் வைக்கும் சடங்கு ஒன்று. அவள் முகம் இளகியது. ஒரு தடவை சத்தமாகச் சிரித்தாள். வேம்பு அதைப் பார்த்துத் தைரியமாகி, பையிலிருந்த மஸ்கோத் அல்வாவை எடுத்து அப்சலுக்கும் கொடுத்தான்.

பிறகு அவள் அரசியிடம் வந்து சேர்ந்தாள்.

ஊருக்கு ஒரு தலை வேண்டும் என்று தொண்ணூறாம் வருடம் பாவைகள் பேசத் தொடங்கியிருந்தன. ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். விதிப்படி காரியம் நின்றது. அவள் நாற்பது வருடம் மாட்டேன் என்றே சொன்னாள். நாற்பது வருடம் அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் அவள்மேல் மரியாதை வந்துவிட்டது. கடைசியில் அவளையே அரசியாக்கினார்கள். அன்று அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. பட்டமேறிய மறுநாள் ஒரு துணையேடு வெளிவந்தது: மாட்டேன் என்று சொல்லும் உரிமை இனி அரசிக்கு மட்டும். மற்றவர்கள் அவர்களுடைய மாட்டேனை அரசியிடம் மனுவாகக் கொடுக்கலாம்.

பிலோமி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சாளுவ? என் ஊரு இது. ராசா கிடையாது, ராணி கிடையாதுன்னு மொத பக்கத்துலயே எழுதியிருக்கேன். ஏட்டையே தலைகீழாக் கவுத்திட்டாளுவ!"

வேம்பு வாயிலிருந்த அல்வாவை மென்று விழுங்கினான்.

"யக்கா. லெட்டர்ல அவனுவளும் இதேதான கேட்டிருந்தானுவ?"

"வாயை மூடுல."

"மூடிட்டேன்."

அவள் திரும்ப உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். படிவம் முன்னால் இருந்தது. ஒரு கையெழுத்தில் அரசி போய்விடுவாள், மனுக்கள் போய்விடும். அவள் எழுதிய அறுபத்து நான்கு பக்கம் அவள் எழுதியபடியே இருக்கும், நாற்பது மதிப்பெண்ணோடு. கலங்கரை விளக்கமும் போய்விடும். பேனா முள் தாளைத் தொட்டது. புள்ளி விழுந்தது.

அவள் பேனாவைத் தூக்கினாள்.

"நடுவுல நான் எதுவும் சேக்கலாமா?"

"ஒரு பக்கம் சேர்க்கலாம். ஆனா உங்க பேரு அவங்களுக்குத் தெரியாது மேடம். எங்கிருந்தோ வந்த துணையேடாத்தான் போகும்."

"போவட்டும்."

படிவத்தைத் திருப்பிப் போட்டு அதன் முதுகிலேயே எழுதினாள். கால் மணி நேரம் ஆனது. அரசியின் முன்னால் கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து, மனு எதுவும் கொடுக்காமல், மாட்டேன் என்று சொல்லுகிற ஒரு பெண்ணைப் பற்றிய ஆட்டம் அது. அடுத்து என்ன நடக்கும் என்பதை எழுதாமல் விட்டாள். அப்சல் அதை உள்ளே அனுப்பினார்.

காத்திருந்தார்கள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. உள்ளே நான்கு நாள் கூடிப் பேசியிருந்தார்கள். அப்சல் படித்துக் காட்டினார்.

"'இந்த ஏட்டை எழுதியவருக்கு உப்புத்துறையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அரசியின் பெயரால் இது தடை செய்யப்படுகிறது.'"

வேம்பு வெடித்துச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "ஒன்னும் தெரியலயாம்! உனக்கு!"

பிலோமி சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் பக்கத்தை யாராச்சும் விளையாடுனாவளா?"

அப்சல் தேடினார். "அறுபத்தி மூணு மேசை."

"தடைக்கு முன்னாலயா, பொறவா?"

அப்சல் நேரத்தைச் சரிபார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

"அப்புறம்தான் மேடம். எல்லாமே அப்புறம்தான்."

பிலோமி படிவத்தை நான்காகக் கிழித்தாள். பையிலிருந்து ஆட்டச் சீட்டை எடுத்து, கிழித்த தாளின் மேல் வைத்து அப்சல் பக்கம் நகர்த்தினாள்.

"நிறுத்த மாட்டேன்னு எழுதிக்கோங்க."

அவள் பேனாவை மூடி எழுந்தபோது திரையில் அறுபத்து மூன்று எண்பத்தொன்பது ஆகியிருந்தது.