மூன்றாம் அறையில் பாகு வாசம்

மூன்றாம் நம்பர் அறையைக் காலி செய்த ஈரோட்டுப் புதுமாப்பிள்ளை, சாவியோடு சேர்த்து ஒரு பாராட்டையும் மாதேஷிடம் கொடுத்தான்.

"ரூம்ல என்ன சென்ட்டுங்ணா அடிக்கறீங்க? அதிரசத்துக்குப் பாகு காய்ச்சறாப்புல வாசம். எங்க ஊட்ல நொம்பப் புடிச்சுப் போச்சுன்னாங்க."

வீட்டோடு சேர்ந்த மாதேஷின் விடுதிக்கு ஆறு அறைகள். அதில் இரண்டில் வெந்நீர். இணையத்தில் நாலு புள்ளி ஒன்று நட்சத்திரம். ஈரச்சுவர் நாற்றம், அந்துருண்டை நாற்றம் என்று விருந்தாளிகள் எழுதியதுண்டு. வாசனையைப் பாராட்டி யாரும் எழுதியதில்லை. அவன் மூன்றாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பூஞ்சை பிடித்த திரைச்சீலைக்கும் நனைந்த கம்பளிக்கும் அடியில், மெல்ல, தயங்கித் தயங்கி மூச்சை இழுத்தான். இருந்தது. வெல்லம் அடிபிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் எழும் வாசம்.

அன்று வீட்டில் யாரும் வெல்லத்தைத் தொடவில்லை.

அந்த வாசம் இந்த வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டு முறையும் தொட்டிலிலிருந்து.

முதல் முறை வந்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சாந்தி அக்கா குழந்தையின் ஈரத்துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, மகாலட்சுமியே வந்து பிறந்திருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொன்னாள். சாந்தி மாதேஷுக்கு உடன்பிறந்த அக்கா. அவள் மூத்த மகள் இளவரசிதான் அவன் மனைவி. செம்மநத்தத்துக் காப்பித் தோட்டம் இரண்டரை ஏக்கர் வெளியே போய்விடக் கூடாது என்று செய்த கல்யாணம். மகாலட்சுமி ஆறாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தினாள். ஒரே சுருதியில் கீச்சென்று அழுதாள். முதுகு வில்லாக வளைந்தது. கால்கள் சைக்கிள் மிதித்தன. பன்னிரண்டாம் நாள் எல்லாம் நின்றது. இரண்டாவது பிள்ளை பத்து நாளிலேயே முடித்துக்கொண்டது.

இரண்டாவதின் ரத்தத்தைச் சேலத்து டாக்டர் எங்கோ அனுப்பி வைத்தார். அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் மாதேஷ் ஒருவன்தான், பி.காம்., மூன்று பேப்பர் பாக்கி. உறவெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நின்றுகொண்டு வாசித்தான். புரதத்தை உடம்பு சரியாகப் பிரிக்க முடியாத பரம்பரை நோய். தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை ஒன்றுசேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். அடுத்த பிள்ளை பிறந்ததும் சோதித்து, தனிப் பால்மாவு கொடுத்தால் காப்பாற்றலாம். இத்தனையும் அதில் இருந்தது. எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"பொம்பள ரத்தத்துல கொறையாம்" என்றான்.

அன்று மாலையே காகிதத்தை அடுப்பில் போட்டான்.

அதற்குப் பிறகு இளவரசிக்குப் பின்கட்டில் தனித்தட்டு. கைக்குழந்தைக்காரிகள் அவளைக் கண்டால் தெரு மாறினார்கள். மூன்றாம் மாதம் கரடியூர்ப் பாறைக்குக் கீழே, பனி விலகிய பிறகு, அவளைக் கண்டெடுத்தார்கள். கால் வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். செருப்புகள் மேலே ஜோடியாகக் கிடந்ததைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

தோட்டம் வெளியே போகவில்லை. மறு தையில் அவள் தங்கை ரம்யாவை அவனுக்கே கட்டிவைத்தார்கள். ரம்யாவுக்குப் பெண் பிறந்து இன்று ஆறாம் நாள்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை பிழைக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை கூடத்தில் சொன்ன வார்த்தையைப் பொய்யாக்கிவிடும். ஆறு நாளாக மாதேஷ் சொல்லவில்லை. முகர்ந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம் மூன்று மணிக்கு ஏரிப்பக்கமிருந்து பனி ஏறி வந்து, சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக விழுங்கி, முற்றத்துக் கொடியில் காயப்போட்ட போர்வைகளைத் தடவிக்கொண்டு, ஜன்னல் கம்பிகளுக்குள் கை நுழைப்பது போல நுழைந்தது. மாதேஷ் பின்னறைக்குப் போய்த் தொட்டிலில் குனிந்தான். துணியை முகர்ந்தான். காதுமடலை முகர்ந்தான். பால் வாசம், பவுடர் வாசம். வேறொன்றும் இல்லை. அப்படியானால் சொல்லவே வேண்டியதில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கட்டிலில் உட்கார்ந்திருந்த ரம்யா மூக்கைச் சுளித்தாள்.

"ஏனுங் மாமா, பாகு தின்னீங்களா? வாயில வாசம் அடிக்குது."

"இல்லியே."

"அக்கா கொழந்தைங்க ரிப்போர்ட்டுல என்ன போட்டிருந்துச்சுங்க? இன்னொருக்கா சொல்லுங்க."

"எத்தன தடவ சொல்றது? உங்கக்கா ரத்தத்துல கொறை. உனக்கு ஒண்ணும் வராது கண்ணு."

சொல்லச் சொல்ல நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பிரித்தபோது கம்பிப்பாகு மாதிரி ஏதோ இழுபட்டது.

ரம்யா தலையணைக்கடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மடியில் விரித்தாள். நான்காக மடித்த தடம். மூலையில் சேலத்து டாக்டரின் பச்சை மைக் கையெழுத்து.

"இத ஆஸ்பத்திரி ஷெர்லின் சிஸ்டர் படிச்சுச் சொன்னாங்க. ரெண்டாம் நாளே பாப்பா குதிங்கால்ல ரத்தம் எடுத்து அனுப்பிட்டாங்க. காத்தால ரிசல்ட் வந்துருச்சு. இவளுக்கும் இருக்குதாம். வாசம் வர்றதுக்குள்ள பால்மாவு குடுத்தா தப்பிச்சுக்குமாம்."

"அத நான் எரிச்சுட்டனே!"

வாயைவிட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. ரம்யா அதிர்ந்ததாகத் தெரியவில்லை.

"தெரியுமுங்க."

"யாரு குடுத்தா இத?"

"அக்கா."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா மாமா?"

வாசலில் ஒரு கார் ஹாரன் அடித்தது. முன்சீட்டில் ஷெர்லின் இருந்தாள். ரம்யா பிரசவித்த ஆஸ்பத்திரி நர்ஸ். ரம்யா பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். மாதேஷ் சட்டையை எடுக்கக் கை நீட்டினான்.

"நீங்க வர வேண்டாம்" என்றாள். "உங்களப் பாத்துக்க ஆளு இருக்குது."

கார் பனிக்குள் போனது. முதல் வளைவில் அதன் சத்தமும் போனது.

வாசம் இப்போது கூடத்தில் இருந்தது. அவன் படியேறினால் படியில் இருந்தது. கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். அங்கேயும் வந்தது, அவன் ஒன்றுக்குப் போன இடத்திலிருந்து ஆவியாக எழுந்து வந்தது. காதுக்குள் விரலை விட்டு எடுத்தான். முகர்ந்தான்.

அவன்தான்.

வெளியே ஓடிவந்தான். கூடம் முழுக்கப் பனி. யாரோ கதவுகளை எல்லாம் சாத்தியிருந்தார்கள். பின்கட்டில் பெரிய அண்டாவை இழுக்கும் சத்தம். அடுப்பு பற்றும் சத்தம். கரண்டி கிளறும் சத்தம், பொறுமையாக.

போனை எடுத்தான். அக்கா சாந்தியைக் கூப்பிட்டான்.

"மாதேசு? என்னடா சாமி?"

பேச வாயைத் திறந்தான். கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. ஒரே சுருதியில்.

"யாரு ஊட்டுக் கொழந்த அழுவுது?" என்றாள் சாந்தி.

போன் விழுந்தது. அவனும் விழுந்தான். முதுகு வளைந்தது. குதிங்காலும் உச்சந்தலையும் மட்டும் தரையில். கால்கள் மிதிக்கத் தொடங்கின. நிறுத்தப் பார்த்தான். மிதித்தன.

கொலுசு இல்லாத காலடி.

இளவரசி வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்தாள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட உட்காரும் விதமாக, சேலையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டு, இரண்டு கால்களையும் நீட்டி. பாறையில் முறிந்த இடங்களில் அவை வேறு திசை பார்த்தன. எழுபத்தெட்டு கிலோ அவன். ஒரு கையால் தூக்கினாள். கணுக்கால்கள் மேல் மல்லாக்கப் போட்டாள். கையை நீவினாள். காலை நீவினாள். மூக்கைப் பிடித்துவிட்டாள்.

அண்டா பக்கத்திலேயே இருந்தது. அதில் கொதித்தது தண்ணீர் இல்லை.

"அழாத சாமி."

செம்பை மொண்டு மார்பில் ஊற்றினாள். மெதுவாக. கெட்டியாக. நெற்றிக்கு ஊற்றும்போது மட்டும், புருவத்தில் கையை அணையாக வைத்து, கண்ணில் ஒரு சொட்டுகூட விழாமல் பார்த்துக்கொண்டாள். அவன் பார்க்க வேண்டும்.

அண்டா விளிம்பு வரை இருந்தது. அவள் அடுத்த செம்பை மொண்டாள்.