என்னத்துக்குத் திரை

ஸலாம் கேட்டது. பைக் சத்தம் கேட்கவில்லை.

அஸ்மின் வந்தால் முந்தல் சந்தியிலேயே தெரிந்துவிடும். அவனுடைய பைக்கின் சைலன்சர் அப்படி. பள்ளிவாசலில் நிற்பவர்கள்கூட ஏசுவார்கள். இன்றைக்கோ பின்னேர மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது, தோட்டத்தில் ஒரு தென்னோலை பொத்தென்று விழுந்தது, அதற்கு நடுவே குரல் மட்டும் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும், மதினி."

ஷஸ்னா கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, உள்ளே கையை விட்டபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"வஅலைக்கும் ஸலாம். வாங்க தம்பி, கதிரையில இருங்க."

சொன்ன பிறகுதான் பளீலா மாமி வீட்டில் இல்லை என்பது நினைவு வந்தது. மாமி தெருவின் கடைசி வீட்டுக்குப் போய் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார். சீ, என்ன புத்தி கெட்ட வேலை! புருஷன் செத்து இத்தா இருக்கிற பொம்பளை தனியே இருக்கும்போது ஒருத்தனை உள்ளே வரச் சொல்லலாமா? கணவனின் தம்பியானாலும் அந்நிய ஆண்தானே. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது என்றுதான் மாமி பழைய கட்டில் விரிப்பை அறை வாசலில் திரையாகக் கட்டியிருந்தார். ஃபாஹிம் மௌத்தான நாளிலிருந்து அந்த நீலப் பூக்கள்தான் அவளுடைய எல்லை.

"மாமி இல்ல. பிறகு வாங்களன்" என்றாள்.

போகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, ஆற அமர, இருமல் ஒன்று கேட்டது.

"விடுங்க மதினி. அது வேல செய்யாது."

அப்படியென்றால் இதற்காகத்தான் வந்திருக்கிறான், மாமி இல்லாத நேரம் பார்த்து.

ஃபாஹிமை இறால் பண்ணையின் வாய்க்காலில், பம்புக் கொட்டிலுக்குக் கீழே கண்டெடுத்தார்கள். நெஞ்சளவு தண்ணீர். சின்ன வயதிலிருந்தே களப்பில் நீந்தி வளர்ந்தவன். அவன் தானாகத்தான் இறங்கியிருப்பான் என்று ஊர் கதைத்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். காலையில் பாணும் சம்பலும் தின்றுவிட்டு, இரவைக்கு மீன் பொரித்து வை என்று சொல்லிவிட்டுப் போன மனிசன், அவளை வேண்டாம் என்று விட்டுவிட்டா போவான்? போகமாட்டான். அப்படியென்றால் யாரோ தள்ளியிருக்க வேண்டும். பண்ணையை விற்க வேண்டும் என்று கூடப்பிறந்த காக்காவோடு மல்லுக்கு நின்றது யார்? அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெயர்க்காரன்தான் இப்போது கட்டில் விரிப்புக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்தான்.

கொட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா உண்டு, சத்தமும் பிடிக்கும். அது பிடிப்பதெல்லாம் பண்ணைக் கம்ப்யூட்டரில் பதிவாகும். உப்புக் காற்றுப் பட்டு அது செத்துவிட்டது என்றான் அஸ்மின். ஹார்ட் டிஸ்க்கையாவது கழற்றித் தரச் சொல் என்று மாமியை நச்சரித்து, நேற்றுத்தான் அது கைக்கு வந்தது. திரைக்குக் கீழால் தள்ளிவிட்டு, இருமிக்கொண்டு, இதே சொல்லைத்தான் அவன் சொன்னான். விடுங்க மதினி, அது வேல செய்யாது.

அவள் விடுவதாக இல்லை. கல்யாணத்துக்கு முன் கற்பிட்டியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியவள். பதிவைத் திறக்கிற மென்பொருளும் அந்த டிஸ்க்கில்தான் இருந்ததால், வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைப் பூட்டியிருந்தாள். சுவிட்சைப் போட்டால் மின்விசிறி சுற்றியது, ஒரு பீப் சத்தம் வந்தது, கறுப்பு மொனிட்டரில் தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று வெள்ளை எழுத்து வந்து நின்றது. டிஸ்க் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறதே சனியன்!

கேபிளை மாற்றிப் போட்டாள். இல்லை. கரண்ட் வருகிற வயரைப் பிடுங்கி, முனையில் படிந்திருந்த உப்பை ஊசியால் சுரண்டி, மறுபடி அழுத்தினாள். டிஸ்க் உள்ளே சுற்றுகிற அதிர்வு விரலுக்குத் தெரிந்தது. உயிர் இருக்கிறது. அந்த உப்பின் வாசம் மூக்கில் ஏறியதும் கொட்டிலின் நினைவு வந்தது. மத்தியானச் சோறு கொண்டுபோகிற நாட்களில், வேலையாட்கள் முன்னே நிற்கக் கூச்சப்பட்டு, கொட்டில் வாசலில் தொங்கிய சாக்குக்குப் பின்னால் நின்றுதான் ஃபாஹிமைக் கூப்பிடுவாள். இஞ்சாருங்க, இங்கால கொஞ்சம் வாங்களன். அவன் வந்து சாக்கைக் கீழிருந்து மேலே சுருட்டித் தூக்குவான். "எனக்கும் உனக்கும் என்னத்துக்குப் புள்ள திரை?" என்று சிரிப்பான்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அஸ்மின் முன்னால் அழ மாட்டாள்.

"விடுங்க மதினி. அது வேல செய்யாது."

இருமல், பிறகு அதே சொல், அதே இழுவை. அவளுடைய கை நின்றது. முன்பு சொன்ன மாதிரியே சொல்கிறான், ஒரு மூச்சுக்கூட மாறாமல். நடிக்கிறானா, வெருட்டுகிறானா?

"என்னத்துக்குத் தம்பி பயப்படுறீங்க?" என்று கேட்டே விட்டாள். "இதுல என்ன இருக்கி?"

சேற்று வாசம் வந்தது. பண்ணைக் குளத்தை வற்றவைத்தால் அடியிலிருந்து கிளம்புமே, அழுகிய இறால் தீனும் பாசியும் கலந்த வாசம், அது. பண்ணையிலிருந்து நேரே வந்திருக்கிறான் என்று நினைத்தாள். காலைக்கூடக் கழுவாமல் மாமியின் தரையில் நிற்கிறான்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். பழைய டிஸ்க், பழைய முறையில் தொடங்கப் பழகியது. வீட்டுக் கம்ப்யூட்டரோ புது முறை. அதற்கு இதன் பாஷை விளங்கவில்லை. மறுபடி போட்டு, செட்டிங் பக்கத்துக்குள் நுழைந்து, பழைய முறைக்கு மாற்றி, சேமித்தாள்.

பீப். கறுப்பு. பிறகு மெதுவாக நீலம் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் எதுவோ அசைந்தது. விரிப்பின் கீழ் ஓரம் ஈரமாகியிருந்ததை அப்போதுதான் கண்டாள். நீலப் பூக்கள் அடியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன.

ஃபாஹிம் மௌத்தான நாளைத் தேடி அழுத்தினாள். பதிவு திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தாள்.

"மதினி, அஸ்மின். உம்மா போன எடுக்கிறா இல்ல. நான் இண்டைக்கி வர ஏலாதெண்டு சொல்லிருங்க. வண்ணாத்திவில்லுல நிக்கிறன். பாதையில யானை. வாகனமெல்லாம் மறிச்சுப் போட்டிருக்கி."

போனுக்குள் ஹார்ன் சத்தம். ஆட்கள் கூக்காட்டுகிற சத்தம். யாரோ சிங்களத்தில் யானையை ஏசினார்கள்.

"இருமல்..." என்றாள்.

"அது நேத்து ராவே சுகமாயிட்டு. ஏன் மதினி? குரல் ஒரு மாதிரி இருக்கி?"

திரைக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது.

"யாரு மதினி அங்க?" என்றான் அஸ்மின்.

லைன் அறுந்தது.

அறைக்கு ஒரே வாசல். ஜன்னலில் கம்பி. வாங்க என்று சொன்னது அவள்தான். கதிரையில இருங்க என்று சொன்னதும் அவள்தான். காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினாள்; பிள்ளைக் காலத்திலிருந்து தெரிந்தது, பாதியில் மறந்துபோனது.

பதிவு ஓடத் தொடங்கியது.

அந்திப் பொழுது. வாய்க்கால் கரை. ஃபாஹிம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலை உதறுகிறான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. தள்ளுவதற்கு யாருமே இல்லை. இத்தனை நாளும் அஸ்மின் மேல் மனதுக்குள் பழி போட்டாளே, அவன் பாவம். கொட்டில் வாசலில் சாக்கு தொங்குகிறது. காற்றில்லாமல் ஆடுகிறது.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

"இஞ்சாருங்க, இங்கால கொஞ்சம் வாங்களன்."

ஷஸ்னா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுடைய குரல். அவளே கூப்பிடுகிற இழுவை, அவளுடைய கொஞ்சல். ஆனால் அந்த நேரம் அவள் இந்த வீட்டின் குசினியில் அவன் கேட்ட மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமி பக்கத்தில் இருந்தார்.

ஃபாஹிம் நிமிர்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ எப்ப வந்த?"

வலையைக் கீழே போட்டுவிட்டு ஆசையோடு போனான். குனிந்து, சாக்கைக் கீழிருந்து மேலே சுருட்டித் தூக்கினான். எப்போதும் சொல்வதையே சொன்னான். சிரித்தான். உள்ளே போனான். சாக்கு விழுந்தது.

அதன்பிறகு வாய்க்கால் மட்டும் ஓடியது.

அவன் அவளை விட்டுப் போகவில்லை. அவள் கூப்பிட்டதால் போனான். அவள் கூப்பிட்டாள் என்று நம்பித்தான் போனான்.

"யா அல்லாஹ்" என்று அவள் தேம்பினாள். "நான் இல்லங்க. நான் கூப்பிடல்ல. அது நான் இல்ல."

மழை விட்டிருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்துவிட்டு அடங்கியது. கரண்ட் போயிருந்தது. மொனிட்டர் அணைந்தது. அறைக்குள் சேற்று வாசம்.

"நீ எப்ப வந்த?"

திரைக்கு அந்தப் பக்கமிருந்து. அஸ்மின் குரல் இல்லை.

அவள் கண்ணை மூடினாள். மூடியும் அந்தக் குரல் உடம்பெல்லாம் இனித்தது. எத்தனை நாள் ஏங்கிய குரல். கால் தானாக எழுந்தது. ஒரு எட்டு. இன்னொன்று. வேண்டாம், வேண்டாம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். கண்ணைத் திறந்து விரிப்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். அங்கே கால்கள் இல்லை. தண்ணீர் மட்டும் அறைக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது.

"எனக்கும் உனக்கும் என்னத்துக்குப் புள்ள திரை?"

அவனுடைய சிரிப்பு, அப்படியே.

நனைந்த நீலப் பூக்கள் கீழிருந்து மேலே சுருளத் தொடங்கின.