இரண்டாம் சாட்சி

மாமனாரின் கல்யாணப் படத்தில், மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. முதலில் நூலகருக்கு அது பெரிதாகப் படவில்லை. கடைசி நேரத்தில் யாரோ நகர்ந்திருக்கலாம். ஆனால் மாமனாருடைய அப்பாவின் படத்திலும் அதே பக்கம், அதே அளவு இடம். சின்ன மாமனாரின் படத்திலும் அப்படியே. அந்த இடத்தை ஒட்டி நின்றவர்கள் எல்லோரும், நெரிசலான பேருந்தில் யாரோ கொண்டுவந்த நனைந்த குடைக்கு விலகுவதுபோல, உடம்பை லேசாக மறுபக்கம் சாய்த்திருந்தார்கள். பிறகு அவள் தன்னுடைய கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

கணவர் போன வருடம் இறந்துபோனார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், அப்பா வழிக் குடும்ப வரலாற்றைத் தொகுத்து அவள் கையில் கொடுக்கலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் படங்கள், பதிவு அலுவலக நகல்கள் எல்லாம். நூலகத்தில் காலமெல்லாம் அட்டவணை போட்டவள் அவள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

இந்தக் குடும்பத்தில் காலிக் கட்டம் ஒன்றல்ல. மாமனாருடைய அப்பாவுக்கு இரண்டு கல்யாணப் பதிவுகள் இருந்தன. முதலாவதில் மாப்பிள்ளையின் கையெழுத்து மட்டும் இருந்தது. பெண்ணின் கையெழுத்து இல்லை. அடுத்த வருடமே வேறொரு பெண்ணோடு இன்னொரு பதிவு. அதில் எல்லாம் சரி, இரண்டாம் சாட்சியின் இடம் மட்டும் வெறுமை. அதன்பின் அந்தக் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும், அவளுடையது உட்பட, அதே இடம் வெறுமை.

"ஒத்தைச் சாட்சிய வெச்சு எப்படிம்மா பதிஞ்சாங்க?" என்றார் நகல் எடுத்துக் கொடுத்த எழுத்தர். "பதிவாளருங்க அத்தனை பேருக்கும் அன்னைக்கு மட்டும் கண்ணு அவிஞ்சு போச்சா? நாங்கல்லாம் ஒரு புள்ளி விட்டாலே திரும்ப எழுதிட்டு வான்னு விரட்டுவோம்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

அன்று மதியம் கணவரின் அக்கா வந்தாள். எதையும் மென்று விழுங்கும் பழக்கம் அண்ணிக்குக் கிடையாது. நாக்கில் வந்தது தெருவுக்கு வந்துவிடும். மேசைமேல் பரப்பியிருந்த படங்களை ஒருமுறை பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குடைஞ்சிட்டியா? என் தம்பி இருந்தவரைக்கும் கைய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தே."

"யாருக்கு அண்ணி அந்த இடம்?"

அண்ணி டீயை நிதானமாக ஆற்றினாள்.

"எங்க தாத்தாவோட மொதப் பொண்டாட்டிக்கு. பொண்டாட்டின்னு சொல்லக் கூடாது, அதுதான் அவரு பண்ணின ஏற்பாடு. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய், தான் மட்டும் கையெழுத்துப் போட்டுட்டு, பேனாவ மூடிப் பையில சொருகிக்கிட்டாரு. உன்னோடத நாளைக்குப் போட்டுக்கலாம் வான்னுட்டாரு. அவளும் நம்பி ஒரு வருஷம் வடிச்சுக் கொட்டினா. அந்த நாளைக்கு வரவே இல்ல."

"அப்புறம்?"

"அப்புறம் வசதியான இடத்துல பொண்ணு அமைஞ்சுது. கல்யாணத்தன்னைக்கு இவ ஆபீசுக்கே வந்துட்டா. நான்தான் கையெழுத்துப் போடணும்னு நின்னா. எங்க ஆளுங்களுக்கு ஒரே சிரிப்பு. கையெழுத்துதானே வேணும், வா, சாட்சிக் கையெழுத்துப் போடுன்னு புதுப் பொண்ணு பக்கத்துல நிறுத்தினாங்க. கத்தினா. இழுத்துட்டுப் போனாங்க. அந்த இடத்தை மூடறதுக்குள்ள படம் எடுத்தாச்சு." அண்ணி ஒரு வாய் குடித்தாள். "வீட்டுல பின்னாடி ஒரு ரூமுக்குப் புதுசா சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க. அதுல தள்ளிப் பூட்டினாங்க. விருந்து முடியட்டும், திறந்து விடலாம்னு. விருந்து பிரமாதமா நடந்துது. திறக்கணும்னு ஒருத்தருக்கும் ஞாபகம் வரல."

"இதைச் சொல்ல வாய் கூசலையா அண்ணி?"

"நானா பூட்டினேன்? ஒவ்வொரு கல்யாணத்துக்கும் வருவா. இடம் விட்டா நின்னுட்டுப் போயிடுவா. சாட்சிக் கட்டத்தைக் காலியா விட்ருவோம், எந்தப் பதிவாளர் கண்ணுலயும் படாது. உன் பக்கத்துலயும்தான் நின்னா. உனக்கென்ன கொம்பா முளைச்சுது? உன் பொண்ணுக்கும் விட்டுடு."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணத்தன்று இடது தோள் மட்டும் மரத்துப்போய் இருந்ததும், மின்விசிறிக் காற்று என்று நினைத்துப் புடவையை இழுத்து மூடிக்கொண்டதும், எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாடை வந்து தொண்டையைக் கரித்ததும். அப்படி ஒன்று தன் மகளின் தோளை உரசிக்கொண்டு நிற்பதா? ஒரே பெண். தகப்பனையும் இழந்தவள்.

கல்யாண நாளில் மழை விடாமல் கொட்டியது. பதிவு அலுவலகத்தில் பகலிலேயே விளக்குப் போட்டிருந்தார்கள். குழல் விளக்குகளில் ஒன்று சாகமாட்டாமல் துடித்துக்கொண்டிருக்க, நனைந்த செருப்புகளும் பழைய காகிதமும் பூவும் கலந்த வாடைக்கு அடியிலிருந்து, முதலில் சந்தேகம்போல, பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல், சுண்ணாம்பு வாடை மேலே எழுந்து வந்தது.

"போட்டோ முதல்ல, கையெழுத்து அப்புறம்," என்றார் போட்டோக்காரர். "பொண்ணுக்கு அந்தப் பக்கம் ஏன் இவ்ளோ கேப்? சண்டையா? நெருங்கி வாங்கப்பா."

"அது அப்படியே இருக்கட்டும்," என்றாள் அண்ணி.

மகள் இடது கையைத் தேய்த்துக்கொண்டாள். "அம்மா, இங்க மட்டும் குளுருது."

அவ்வளவுதான். நூலகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்த இடத்தில் நின்றாள். ஐஸ் பெட்டிக்குள் இறங்கியதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மகளின் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள். மகளின் தோள் கதகதவென்று இருந்தது.

அண்ணியின் முகத்தில் ரத்தம் வற்றியது. அவள் பயந்து நூலகர் பார்த்ததே இல்லை.

"வெளிய வா. சொல்றதைக் கேளு. நீ அங்க நின்னா அவ எங்க நிப்பா?"

"எங்க வேணா நிக்கட்டும். என் பொண்ணு பக்கத்துல வேணாம்."

"ரெடி," என்றார் போட்டோக்காரர்.

வெளிச்சம் அடித்தது.

குளிர் விட்டது. வாடை சட்டென்று நின்றது. மழைச் சத்தம்கூட ஒரு நொடி நின்றது போலிருந்தது. காலமெல்லாம் காலியாகக் கிடந்த கட்டத்தை நிரப்பிவிட்டோம் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

பிறகு தன் தோளோடு ஒட்டியிருந்த தோளை உணர்ந்தாள்.

கதகதப்பு இல்லை.

அண்ணி சுவரோரம் போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். பதிவாளர் கூப்பிட்டார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடப் போனார். மணப்பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். மெதுவாக. வெகுகாலம் சுவரில் எழுதிப் பழகிய கைபோல, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்.

அவள் நகக்கண்களில் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது.

"ரெண்டாவது சாட்சி யாரு?" பதிவாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நீங்கதானேம்மா? வாங்க. இடத்தைக் காலியா விடக் கூடாது."

மணப்பெண் திரும்பிப் பேனாவை நீட்டினாள். மகளின் முகம். மகளின் மூக்கு, மகளின் மச்சம், நெற்றியில் காலையில் அம்மாவே ஒதுக்கிவிட்ட மகளின் முடி. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள்.

"போடுங்கம்மா," என்றார் மாப்பிள்ளை. "மழை வலுக்குது."

நூலகர் பேனாவை வாங்கினாள். அதை நீட்டிய விரல்களில் ஈரம். அந்த முகம் இன்னும் பக்கத்தில் வந்தது.

மூடிய உதடுகளுக்குப் பின்னால் ஏதோ சத்தம். பற்களை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். சின்னக் கையால். விடாமல்.

"அம்மா. திறம்மா."

சிரிப்பு மாறவில்லை.