முதல் குடம்

கெட்டிலின் அடியில் அன்று காலை படிந்திருந்த வெள்ளை, முந்தின இரவு அங்கே இல்லை.

பஞ்சாலைக்கு அது நிச்சயமாகத் தெரியும். புளி போட்டுக் காய்ச்சி, எவர்சில்வர் கரண்டியால் சுரண்டி, அடி பளபளக்கும்வரை தேய்த்து, அவள் கையாலேயே கவிழ்த்துவைத்த கெட்டில் அது. இப்போது ஐம்பது காசின் கனத்துக்குச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு படிவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஆனால் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது வெள்ளையில் ஐந்து பள்ளங்கள் தெரிந்தன. நான்கு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம். ஈரமாக இருந்தபோதே யாரோ பற்றிப் பிடித்ததுபோல. தன் விரல்களை அவற்றில் வைத்துப் பார்த்தாள்.

பொருந்தின.

கெட்டிலைத் துணியால் மூடிவைத்துவிட்டு, தேத்தண்ணீர் குடிக்காமலே வாசலுக்கு வந்தாள். அங்கே கோயில் தலைவர் தங்கராஜு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வரத் தயங்கி நின்றுகொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. போன வருசம் அபிசேகம் முடிஞ்சதும் ஆத்தா மேல வெள்ள வெள்ளயா பூத்துப் போச்சு. பூசாரி மூணு நாளு எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சாரு. கறுப்புக் கல்லு, பளிச்சுன்னு தெரியுதுலா."

"அதுக்கு?"

"இன்னிக்கு முதல் குடத்த உங்க ஓரகத்தி வீட்டுலேர்ந்து எடுத்துக்கலாம்னு கமிட்டியில பேசிக்கிட்டாங்க. அதுவும் உங்க குடும்பந்தானே?"

ஆடித் திருவிழாவில் அம்மன்மேல் விழும் முதல் குடம் தோட்டத்துக் கங்காணியாக இருந்த மண்டோர் ஆறுமுகத்தின் வீட்டிலிருந்து போகும். தோட்டத்தை மூடி, செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த வரிசை வீடுகளை இடித்து, போர்டிக்சன் சாலையோரம் ஆளுக்கொரு மனை கொடுத்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. ஆறுமுகத்தின் மூத்த மருமகளாக பஞ்சாலை முப்பத்தொரு வருடம் அந்தக் குடத்தை இடுப்பில் சுமந்திருக்கிறாள். கணவன் இறந்த வருடம் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், பேச்சு நின்றது.

"மூத்த மருமக நான் உசுரோடதான் இருக்கேன்" என்றாள். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே கெணறு. என் மாமனாரு போட்டது."

"தண்ணி ஒண்ணுதான் அண்ணி. அங்க மெஷினு சுண்ணாம்ப எடுத்துருதுல்ல."

"எடுத்து எங்க போடுதாம்?"

தங்கராஜு சிரித்துவிட்டார். "என்னயக் கேட்டா? நான் என்ன பிளம்பரா?"

"அஞ்சு மணிக்கு வா. என் தண்ணிய அம்மிக்கல்லுல ஊத்திக் காயவச்சுப் பாரு. ஒரு பொட்டு வெள்ள இருந்தாலும் குடத்த அவகிட்டயே குடு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அம்மிக்கல்லின் ஓரமெல்லாம் அப்போதே வெள்ளை கட்டியிருந்தது.

அந்த மெஷின் வந்து ஆறு வாரம் ஆகிறது. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும், ஓரகத்தியின் மகன் சசிதரன் தன் தாய் லோகேஸ்வரிக்காக வாங்கிப் பூட்டியது. பக்கத்து வீட்டுச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு இரண்டு நீலத் தொட்டிகள். "ஒண்ணு மண்ண வடிகட்டும் பெரியம்மா, இன்னொண்ணு சுண்ணாம்பப் புடிச்சு வச்சுக்கும். உப்புத் தண்ணி விட்டுக் கழுவுனா புடிச்சதெல்லாம் லோங்காங்குக்குப் போயிரும்" என்று அவன் விளக்கினான். லோங்காங் என்ற அந்தச் சாக்கடை பஞ்சாலையின் சமையலறைக்குப் பின்னால்தான் ஓடியது. அவள் வீட்டுச் சுவரோரம் வரும் இடத்தில் அதன் அடி வெடித்திருந்தது. அதற்கப்பால் தண்ணீர் போவதை அவள் பார்த்ததில்லை.

"உங்களுக்கும் ஒரு பைப்பு இழுத்துக் குடுக்கச் சொல்றேன் அக்கா" என்று லோகேஸ்வரி வேலியோரம் வந்து சொன்னாள்.

"உன் வீட்டு எச்சித் தண்ணி எனக்கு எதுக்கு?"

லோகேஸ்வரியின் முகம் சிறுத்தது. அதைப் பார்த்து பஞ்சாலைக்கு அன்று இரவு நன்றாகத் தூக்கம் வந்தது.

அதன்பின் தூக்கம் வரவில்லை. லோகேஸ்வரியின் கொடியில் காயும் வேட்டிகள் நாளுக்கு நாள் வெளுத்தன. பஞ்சாலையின் சேலைகள் மொரமொரத்து, மடித்த இடத்தில் வெடித்தன. லோகேஸ்வரியின் தலைமுடி பட்டுப்போல் தொங்கியது. பஞ்சாலையின் சீப்பில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கோயிலில் பெண்கள் லோகேஸ்வரியின் கன்னத்தைத் தொட்டு "என்ன சோப்புடி போடறே, பத்து வயசு கொறஞ்சிருச்சு" என்று கேட்டபோது அவள் சிரித்த சிரிப்பு, வாசல் கதவைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. அந்த வீட்டில் எது குறைகிறதோ அது இந்த வீட்டில் கூடுகிறது என்று பஞ்சாலைக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பார்கள். அவள் யார்மேலும் பொறாமைப்படுகிறவள் அல்ல.

இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிற சசிதரன், மெஷின் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் நேரத்தை மாலை நான்கு மணிக்கு வைத்திருந்தான். தினமும் நான்கு மணிக்கு நீலத் தொட்டிக்குள் மணல் புரளும் ஓசை எழும். பின்பு குழாயில் சீறல். பின்பு சாக்கடையில் உப்பு வாடை. இந்த வாரம் அவற்றுக்கு நடுவே இன்னொரு ஓசையும் கேட்டது. சர்ரக்… சர்ரக்… நின்று, மறுபடி சர்ரக். எங்கோ கேட்ட ஓசை. அது என்ன ஓசை என்று அவள் யோசிக்க மறுத்தாள்.

மூன்றரை மணிக்கு வானம் கறுத்தது. மாலை வாங்க லோபாக் கடைத்தெருவுக்குப் போன தாயும் மகனும் இன்னும் திரும்பவில்லை. பஞ்சாலை பித்தளைக் குடத்தை எடுத்து முந்தானையால் மூடினாள். செம்பருத்தி வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது. இத்தனை வருடத்தில் அதன் வழியே அவள் போனதில்லை. வாசல் வழியாகத்தான் போவாள், அதுவும் அழைத்தால். இன்று தலை குனிந்து நுழைந்தாள். முட்கள் இல்லாத செடிதான். ஆனாலும் ஏதோ அவள் முடியைப் பிடித்து இழுத்து, பின் விட்டது.

தொட்டிகள் இரண்டும் மழைக்கு முந்தைய இருட்டில் நின்றன. கிட்டத்தில் அவை அவள் நினைத்ததைவிட உயரம். உப்பு வாடை, ஈரமண் வாடை, அவற்றுக்கு அடியில் பழைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததுபோல் சுண்ணாம்பு வாடை. அடியில் சின்னக் குழாய். திருகினாள். வரவில்லை. தொட்டியின் தலையில் ஒரு கைப்பிடி இருந்தது. அதை இந்தப் பக்கம் தள்ளினாள். அந்தப் பக்கம் தள்ளினாள்.

உள்ளே மணல் புரண்டது.

நான்கு மணி.

சர்ரக்… சர்ரக்…

இப்போது தெரிந்தது. கரண்டியால் கெட்டிலைச் சுரண்டும் ஓசை. அவள் சுரண்டுவது போலவே, மூன்று முறை சுரண்டி, ஒருமுறை நிறுத்தி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி சுரண்டும் ஓசை. நிறுத்தச் சொல்வதுபோல் அவள் உள்ளங்கையைத் தொட்டியின்மேல் வைத்தாள். நின்றது.

பிறகு உள்ளிருந்து, அவள் கைக்கு நேராக, ஏதோ வந்து ஒட்டியது. ஐந்து இடத்தில் அழுத்தியது.

கையை இழுத்துக்கொண்டாள். ஓடியிருக்கலாம். ஆனால் அப்போது குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரி. குடம் நிறைய, அதன் கழுத்துவரை, அடியிலிருக்கும் பித்தளைப் பூவேலை தெரிகிற அளவுக்குத் தெளிவு. முப்பத்தொரு வருடத்தில் அவள் வீட்டில் அப்படி ஒரு தண்ணீர் வந்ததில்லை. வயிறு எரிந்தது. குனிந்தாள். எச்சில் என்று சொன்ன அதே வாயைக் குழாயில் வைத்தாள்.

இனித்தது. மூச்சு முட்டும்வரை குடித்தாள்.

ஐந்து மணிக்கு தங்கராஜு வந்து அம்மிக்கல்லின் சுத்தமான நடுவில் ஒரு கை தண்ணீர் விட்டு, மின்விசிறியைப் போட்டுக் காத்திருந்தார். கல் காய்ந்தது. கறுப்பு. வெறும் கறுப்பு.

"ஒண்ணுமே படியலயே அண்ணி! கமிட்டிக்காரனுங்க வாயில மண்ணு. நீங்கதான் தூக்கணும்."

பஞ்சாலை சிரிக்க நினைத்தாள். உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நாக்கு வாய்க்குள் ஒரு கூழாங்கல்லாய்க் கிடந்தது. தலையை மட்டும் அசைத்தாள். கழுத்தில் ஏதோ நொறுங்கும் சத்தம்.

வாசலில் உறுமி கேட்டது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்து, அதன் கழுத்தைப் பற்றியபடி படியில் வந்து நின்றாள். கூட்டம் அவளைப் பார்த்தது. முன்பு பார்த்த அதே மரியாதையோடு. கூட்டத்தின் முன்வரிசையில் லோகேஸ்வரி, மல்லிகைப்பூவோடு, மாசு மருவில்லாத கன்னத்தோடு. அவளும் கும்பிட்டாள்.

அந்த ஒரு கணத்துக்காகத்தான் எல்லாம்.

முதல் அடி வைக்க வேண்டும். கால் வரவில்லை.

முட்டிக்குக் கீழே எதுவும் இல்லை. பிறகு இடுப்புக்குக் கீழே. குளிர். கனம். கண்ணின் ஓரங்களில் வெள்ளை மெல்ல உள்ளே வளர்ந்தது. இமைக்க முடியவில்லை.

"நேரமாச்சு அண்ணி" என்றார் தங்கராஜு.

லோகேஸ்வரி படியேறி வந்தாள். "என்னக்கா, கனமா இருக்கா? கோவம் வேணாக்கா, நான் புடிச்சுக்கறேன். நீங்க கூட வாங்க."

வேண்டாம். தொடாதே. என் குடம்.

குரல் வரவில்லை. தொண்டையின் ஆழத்தில் மட்டும், உள்ளிருந்து, ஓர் ஓசை.

சர்ரக்.

லோகேஸ்வரி குடத்தை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தாள்.

டொக்.

மணிக்கட்டில் வலிக்கவில்லை. இரத்தம் இல்லை. கொஞ்சம் வெள்ளைத் தூள் படியில் உதிர்ந்தது. லோகேஸ்வரி குடத்தை இடுப்பில் ஏற்றித் திரும்பினாள். உறுமிச் சத்தத்தில், இருட்டிக்கொண்டு வந்த மழையில், யாரும் எதையும் கவனிக்கவில்லை. கூட்டம் கோயிலை நோக்கி நகர்ந்தது.

வெள்ளை மூடாமல் விட்ட ஒரு சின்ன ஓட்டை வழியே பஞ்சாலை பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுரண்டல் தொண்டையிலிருந்து மேலே ஏறி வந்தது. லோகேஸ்வரியின் இடுப்பில் குடம் ஆடி ஆடிப் போயிற்று. அதன் கழுத்தைப் பற்றியபடி ஐந்து வெள்ளை விரல்கள். நான்கு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம்.

அவை பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன.