களைத்துப்போன சத்தம்

அந்தத் தட்டலில் ஏதோ சரியில்லை. அவளுக்கு மட்டும் கேட்கும் சத்தங்களுக்குக் கை வலிப்பதே கிடையாது. விடிய விடியத் தட்டினாலும் முதல் தட்டு எப்படியோ கடைசித் தட்டும் அப்படியே இருக்கும். பல வருடமாக அவற்றோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா? வெண்ணெயைக் குளிரில் வைக்கும் கோல்ட் ரூமின் இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் இந்தச் சத்தம் களைத்துக்கொண்டே போனது.

வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். வெண்ணெய் பேக்கிங் கூடத்தில் ஈரத் தரையின் பினாயில் வாசம், அட்டைப்பெட்டிப் பசையின் புளித்த நாற்றம், கம்ப்ரசரின் ஓயாத உறுமல், அந்த உறுமலுக்கு அடியில், காதைக் கதவோடு ஒட்டினால் மட்டும், தொப் தொப்பென்று அது. போன மாதம் இப்படித்தான் ஏதோ கேட்டு, கதவைத் திறந்துபோட்டு உள்ளே தேடினாள். யாருமில்லை. ஒரு லோடு வெண்ணெய் இளகிப் பாழானதுதான் மிச்சம். அன்றே அவளிடமிருந்த சாவியை மேனேஜர் வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை நடந்தால் வேலை இருக்காது என்றும் சொல்லிவிட்டார். அவள் பூட்டிய காலத்தில் உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்டுவாள். அதையும் நோய் என்றார்கள்.

மஃப்ளர் அண்ணன் இருந்தால் கேட்டிருப்பாள். கோல்ட் ரூமில் பெட்டி அடுக்குகிறவர். வெயிலிலும் கழுத்தில் சிவப்பு மஃப்ளரோடு திரிவதால் அந்தப் பெயர். "அண்ணே, இது கேக்குதா?" என்றால் அவர் ஒருவர்தான் நின்று காது கொடுப்பார். "இல்லம்மா" என்பார். இல்லாவிட்டால், "கேக்குது, மேல எலி ஓடுது" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாள் வேலை பார்த்தாள். இன்று மத்தியானத்திலிருந்து அவரைக் காணோம்.

மேனேஜரும் கணக்கு பார்க்கும் அக்காவும் வந்தார்கள். அவர் சட்டையிலும் அக்கா புடவையிலும் இன்னும் அந்தப் பச்சை ரிப்பன். போன வாரம் மனநல விழிப்புணர்வுக் கூட்டம் என்று அவளை மேடையேற்றி, மைக்கைக் கையில் கொடுத்து, நோயைச் சொல்லவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியவர்கள். அன்று கொடுத்த கையேட்டில் ஒரே ஒரு வரியை மட்டும் நெட்டுருப் போட்டிருந்தார்கள்: வாதாடாதீர்கள், மென்மையாகப் பேசுங்கள்.

"சார், உள்ள யாரோ இருக்காங்க. சாவி குடுங்க."

"மாத்திர போட்டீங்களாம்மா?" என்றார் மேனேஜர்.

"போட்டேன். மஃப்ளர் அண்ணன் எங்க சார்?"

"அவர் அப்பவே கெளம்பியிருப்பார்."

"போனத நீங்க பாத்தீங்களா? உள்பக்கக் கைப்பிடி ஒடஞ்சு கெடக்கு. வெளிய பூட்டிட்டா அவரால தொறக்க முடியாது."

"அதான் நாளைக்கு ஆள் வந்து சரி பண்ணப்போறாரே."

"ஒரே ஒரு தடவ காத வச்சுக் கேளுங்க சார்."

மேனேஜர் புன்னகைத்தார். அக்கா வந்து அவளை அணைத்துக்கொண்டாள். பவுடர் வாசம். கதவுப் பக்கம் திரும்பாமலே முதுகைத் தடவினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலடா கண்ணு. எல்லாம் உன் மனசுதான்."

அவளுக்குப் பயமாக இருந்தது. உள்ளே ஆள் இருந்தாலும் பயம், இல்லாவிட்டாலும் பயம்.

அக்காவின் கையை விலக்கிவிட்டு மறுபடி காதை வைத்தாள். தொப். இடைவெளி. தொப். நீண்ட இடைவெளி. நகம் கீறும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

"நின்னுடுச்சு," என்றாள்.

"பாத்தியா? மாத்திர வேல செய்யுது," என்றாள் அக்கா.

இருவருக்கும் உண்மையிலேயே சந்தோஷம். வெட்கக்கேடு, அவளுக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது.

அக்கா அவள் தோளில் கை போட்டு வாசலுக்கு நடத்தினாள். மேனேஜர் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு முன்னால் போனார். அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

கதவின் அடியில், ரப்பர் பட்டைக்கு வெளியே, ஒரு துணி நுனி. சிவப்பு.

"அக்கா. அங்க கீழ ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்லடா," என்றாள் அக்கா. திரும்பவில்லை.

ஒன்றும் இல்லை. அவளும் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

நுனி அசைந்தது. உள்ளேயிருந்து யாரோ மெல்ல இழுத்தார்கள். கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம். பாதியில் நின்றது.

கடைசி விளக்கும் அணைந்தது.